அண்ணனுக்கு மனச்சிதைவு: எனக்கும் வருமா, என் பிள்ளைக்கும் வருமா?

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். திருமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆள் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு வயது 32. ஐடிஐ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 22 வயதில், கூட வேலை செய்பவர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வந்துவிட்டார். காதில் குரல்கள் கேட்டன. கோடாங்கி, மந்திரித்த கயிறு, ஏர்வாடியில் மூன்று மாதம் என்று ஒன்றரை வருடம் போனது. அப்புறம்தான் மதுரையில் மனநல மருத்துவரிடம் கூட்டி வந்தார்கள். மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா என்று சொன்னார்கள். முதலில் ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். கை கால் விறைத்து, எச்சில் ஒழுகி, நடையே மாறிப்போனது. இரண்டு வருடம் கழித்து ஒலான்சபினுக்கு மாற்றினார்கள். ஆறு வருடமாக அதே மாத்திரைதான், இப்போது 20 மில்லிகிராம். அம்மாவே கையில் கொடுத்து விழுங்குவதைப் பார்க்கிறார். 24 கிலோ எடை கூடி, சர்க்கரையும் வந்துவிட்டது. குரல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. 'இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்' என்று எழுதுகிறார்.

வாசகிக்கு இப்போது இரண்டு வரன். ஒன்று தாய்மாமன் மகன். 'வெளியே கொடுத்தால் விஷயம் தெரிந்துவிடும், மாமன் வீட்டில் என்றால் நமக்குள்ளேயே இருந்துவிடும்' என்பது அப்பாவின் கணக்கு. இன்னொன்று விருதுநகரிலிருந்து வந்த வரன். பையனை இவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அண்ணன் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தா, 'எல்லாம் உங்க அம்மா வழி ரத்தம்' என்கிறார். அம்மாவின் சித்தப்பா ஒருவர் 30 வயதில் வீட்டை விட்டுப் போய் திரும்பவே இல்லையாம். அம்மா தினமும் அழுகிறார். பெங்களூரில் இருக்கும் உறவினர் ஒருவர், 'இந்த நோய் 80 சதவீதம் மரபணுதான், எச்சில் கொடுத்தால் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துச் சொல்லிவிடுவார்கள், 18,000 ரூபாய்' என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வருமா, என் குழந்தைக்கு வருமா, அந்த டெஸ்ட் எடுக்கலாமா, அண்ணனுக்கு எந்த மாத்திரை சரி என்று மரபணு சொல்லுமா, மாப்பிள்ளை வீட்டில் மறைக்கலாமா என்று ஐந்து கேள்விகள் கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்ட ஐந்துக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தவை, மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள். 'அண்ணனுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை, ஆறு வயதில் ஆபரேஷன் ஆனது, மூக்கால் பேசுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்' என்பது ஒன்று. 'ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறான்' என்பது இன்னொன்று. இரண்டையும் நோயோடு சேர்த்து நீங்கள் பார்க்கவில்லை. எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன. இரண்டுக்கும் வருகிறேன்.

அந்த 80 சதவீதம்

முதலில் இந்த எண்ணை இறக்கி வைத்துவிடுவோம். நீங்கள் கணக்கு டீச்சர், எளிதில் புரியும். 80 சதவீதம் என்பது உண்மையான எண்தான். இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆனால் உங்களுக்கு நோய் வர 80 சதவீத வாய்ப்பு என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு நாட்டு மக்களில் சிலருக்கு நோய் வருகிறது, பலருக்கு வருவதில்லை. அந்த வித்தியாசத்துக்கான காரணங்களில் மரபின் பங்கு சுமார் 80 சதவீதம் என்றுதான் அது சொல்கிறது. அது மொத்த மக்களைப் பற்றிய கணக்கு. தனி ஆளின் ஜாதகம் இல்லை.

உங்களுக்கு வேண்டியது வேறு எண்கள். மக்கள் தொகையில் 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம். உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு 100ல் சுமார் 9. இது இர்விங் காட்டெஸ்மன் என்ற ஆய்வாளர் ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. அதே தொகுப்பில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு 13, நோயாளியின் உடன்பிறந்தவர் பிள்ளைக்கு 4. அதாவது உங்களுக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு 100ல் 91. உங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு 96. சாதாரண ஆளைவிட உங்களுக்கு ஒன்பது மடங்கு என்பதும் இதே கணக்குதான். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது மனம் அந்த ஒன்பது மடங்கை மட்டும் பிடித்துக்கொள்ளும், 91ஐ விட்டுவிடும். வருடங்கள் போகப் போக, மீதி இருக்கும் அந்தச் சிறு அபாயமும் குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் ஒரு சின்ன ஏற்றம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மரபணு மட்டுமே விதி என்றால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே ஆக வேண்டும். அப்படி நடப்பதில்லை. டென்மார்க் நாட்டில் 2018ல் வந்த பெரிய ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு இரட்டையருக்குத்தான் இருவருக்கும் வந்திருந்தது. முழு மரபணுவும் ஒன்றாக இருந்தும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தப்பித்திருக்கிறார்கள். பிரசவத்தில் நேர்ந்த சிக்கல், சின்ன வயதில் பட்ட அடி, பதின்வயதில் பழகிய கஞ்சா என்று நாம் அறிந்த காரணங்கள் சில. வெறும் தற்செயலும் இதில் இருக்கிறது.

கஞ்சா என்று சொன்னதால் ஒரு வார்த்தை. உங்கள் தம்பி 19 வயதில் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அவரைப் பற்றி இருப்பது அவ்வளவுதான். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் தொடங்குவது 18 முதல் 25 வயதுக்குள். உங்களைவிட அவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். பயமுறுத்தாமல், கூட உட்கார்ந்து சொல்லுங்கள்: 'நம் வீட்டில் அண்ணனுக்கு இப்படி இருக்கிறது, மற்ற பையன்களுக்கு ஒன்றும் ஆகாதது உனக்கு ஆகலாம், கஞ்சாவைத் தொடாதே.' மரபணுவை நாம் மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும்.

மொய் நோட்டும் தாய்மாமன் சீரும்

மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு மொய் விருந்தை நினைத்துப் பாருங்கள். கடைசியில் பெரிய தொகை சேருகிறது. யார் கொடுத்தது என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. 200, 500 என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதியது. மனச்சிதைவின் மரபுப் பங்கும் பெரும்பாலும் இப்படித்தான் சேருகிறது. 2014ல் உலக அளவிலான ஆய்வுக் குழு மரபணுத் தொகுப்பில் இந்த நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் கண்டுபிடித்தது. 2022ல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது அது 287 இடங்களானது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இவற்றில் பல, எந்த நோயும் இல்லாத கோடிக்கணக்கான பேரிடமும் இருக்கின்றன. என்னிடமும் இருக்கும். உங்கள் அப்பத்தாவிடமும் இருக்கும்.

அதனால் 'அம்மா வழி ரத்தம்' என்ற பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இது அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் துளித் துளியாக வருவது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் யாருக்குமே நோய் இருப்பதில்லை. வீட்டை விட்டுப் போன சின்னத் தாத்தாவுக்கு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கடனோ, சண்டையோ, துறவோ. காணாமல் போன ஒரு மனிதரைச் சாட்சிக்கு வைத்து உங்கள் அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. 1948ல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், நோயை உண்டாக்கும் தாய் என்றே ஒரு சொல்லை எழுதினார். அது பல வருடம் பாடப்புத்தகங்களில் இருந்தது, எத்தனையோ அம்மாக்களைக் கொன்று போட்டது. அது தவறு. உங்கள் அம்மா வளர்த்த விதத்தால் இது வரவில்லை. இந்தப் பத்தியை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சரி, மொய்யில் பெரும்பாலும் சின்னத் தொகைதான். ஆனால் தாய்மாமன் சீர் என்று ஒன்று உண்டு அல்லவா? அது ஒன்றே தனியாக நிற்கும். மரபணுவிலும் அபூர்வமாக அப்படி ஒன்று உண்டு. அதில் நாங்கள் அதிகம் பார்ப்பது 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பது. அப்படிப் பிறந்தவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. இதைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் என்ன தெரியுமா? பிறவியிலேயே இதயக் கோளாறு, மேல்வாயில், அதாவது அண்ணத்தில், குறை இருப்பதால் மூக்கால் வரும் பேச்சு, ரத்தத்தில் கால்சியம் குறைவது, படிப்பில் சிரமம்.

உங்கள் மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

உங்கள் அண்ணனுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மனச்சிதைவு உள்ள 100 பேரில் ஒருவருக்குக்கூட இது இருக்காது. இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கும் இது இல்லை. ஆனால் இரண்டு அடையாளங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது பார்க்காமல் விடக்கூடாது. அவருக்கு இதைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் குரோமோசோமல் மைக்ரோஅர்ரே என்ற பரிசோதனை இருக்கிறது. இந்தத் துண்டிழப்பை மட்டும் பார்க்க ஃபிஷ் என்ற பரிசோதனையும் உண்டு. மனநல மருத்துவரோ மரபணு மருத்துவரோ எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டியது.

இதில் உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தத் துண்டிழப்பு பத்தில் ஒன்பது பேரிடம் புதிதாக ஏற்படுவது, பெற்றோரிடமிருந்து வருவதில்லை. அண்ணனுக்கு இருந்து, அப்பா அம்மா இருவருக்கும் இல்லை என்று தெரிந்தால், உங்களுக்கு அது இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அந்த 9 என்ற எண்ணே உங்களுக்குப் பொருந்தாமல் போய், ஊரில் மற்றவர்களின் கணக்குக்கு அருகில் வந்துவிடுவீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், நீங்களும் தம்பியும் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறக்கும் குழந்தைக்கு வரும் வாய்ப்பையும் முன்கூட்டியே பேச வேண்டும். அண்ணனுக்கு இல்லவே இல்லை என்றால், மேலே சொன்ன பொதுக் கணக்கு அப்படியே நிற்கும். எந்தப் பதில் வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரிகிறது பாருங்கள். அப்படிப்பட்ட பரிசோதனைக்குத்தான் பணம் செலவழிக்கலாம்.

எச்சில் பரிசோதனைக்கு 18,000 ரூபாய்

வேண்டாம். அந்தப் பரிசோதனை மொய் நோட்டின் சில பக்கங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் தரும். இன்று ஆய்வாளர்களிடம் இருக்கும் மிகச் சிறந்த மதிப்பெண்கூட, ஒருவருக்கு நோய் வருவதில் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்குவதில்லை. அதுவும் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகளிலிருந்து போட்டது. நம் மக்களிடம் அதன் துல்லியம் இன்னும் குறையும். வேறு ஊர் மொய் நோட்டை வைத்து நம் வீட்டு வரவைச் சொல்வது போல. அதிக மதிப்பெண் வந்தால் நீங்கள் காலம் முழுக்கப் பயந்து சாவீர்கள், குறைவாக வந்தால் தம்பியைக் கவனிக்காமல் விடுவீர்கள். இரண்டும் கெடுதல்தான்.

நம் பக்கத்து மக்களிடமும் ஆய்வு தொடங்கியிருக்கிறது. சாரதா மேனன் 1984ல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2019ல் வெளியானது. நியாசின் என்ற பி வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு அதில் தென்பட்டது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி, நம் மண்ணின் ரத்தத்தில் நம் கேள்வியைக் கேட்டார்களே என்று. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் நியாசின் மாத்திரை வாங்கி அண்ணனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது சிகிச்சையாகவில்லை.

பீடியும் மாத்திரையும்

எந்த மாத்திரை அண்ணனுக்குச் சரி என்று மரபணு சொல்லுமா என்று கேட்டீர்கள். எந்த மாத்திரை குரலை நிறுத்தும் என்று சொல்லாது. ஒரு மாத்திரையை உடல் எவ்வளவு வேகமாகக் கரைத்து வெளியே தள்ளும் என்பதை ஓரளவு சொல்லும். கல்லீரலில் இதற்கென நொதிகள் இருக்கின்றன. சிஒய்பி 2டி6 என்ற நொதி ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், அரிப்பிபிரசோல் ஆகியவற்றைக் கையாளுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாது. அவர்களுக்கு மற்றவர்கள் சாப்பிடும் அளவைக் கொடுத்தால் ரத்தத்தில் மருந்து தேங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அரிப்பிபிரசோலைப் பாதி அளவில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்ட குறிப்பிலேயே இருக்கிறது. உங்கள் அண்ணன் ரிஸ்பெரிடோனில் அவ்வளவு விறைத்துப் போனதற்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் நம் மக்களில் இப்படிப்பட்டவர்கள் 100ல் ஒரு சிலர்தான். அளவு அதிகமாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்க இன்னும் நியாயம் உண்டு. எப்படியானாலும் அந்த மாத்திரையை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது அதற்காக டெஸ்ட் எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது பீடிக்கு வருவோம். ஒலான்சபினைக் கரைக்கும் நொதி வேறு, சிஒய்பி 1ஏ2. புகையிலை எரிந்து வரும் புகை இந்த நொதியைத் தூண்டிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவருக்குக் கல்லீரல் அந்த மாத்திரையை வேக வேகமாகக் கரைத்துத் தள்ளும். அம்மா கையிலிருந்து 20 மில்லிகிராம் உள்ளே போகிறது. ரத்தத்தில் நிற்பது அதைவிடக் குறைந்த அளவின் பலன்தான். பிறவியில் வந்த மரபணு மட்டும் இல்லை, திண்ணையில் எரியும் பீடியும் சேர்ந்துதான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. டாக்டரிடம் பீடியைச் சொன்னீர்களா? பெரும்பாலும் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் பீடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். ஒலான்சபினில் தூக்கம், தள்ளாட்டம் என்று போகும். அடுத்து நான் சொல்லப்போகும் மருந்தில் அது வலிப்பு வரை போகலாம். பீடியைக் குறைப்பதும் மாத்திரையின் அளவை மாற்றுவதும் மருத்துவருக்குத் தெரிந்து சேர்ந்தே நடக்க வேண்டும். நிகோடின் சூயிங்கம் இந்த நொதியைத் தொடாது, அதனால் அதை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு இன்னும் கொடுக்காத மருந்து

இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு வாரம், தவறாமல் கொடுத்தும் நோய் அடங்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத மனச்சிதைவு என்கிறோம். இந்நோய் உள்ள மூவரில் ஒருவர் இந்த வகை. ஏன் சிலருக்கு அடங்குவதில்லை என்பதிலும் மரபுக்குப் பங்குண்டு, ஆனால் முன்கூட்டியே யார் என்று பிரித்துச் சொல்ல இன்று எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கொடுத்துப் பார்த்துத்தான் தெரியும். உங்கள் அண்ணனுக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஆறு வாரம் போதும் என்ற இடத்தில் ஆறு வருடம் போய்விட்டது. கடிதம் முழுக்கத் தேடினேன், குளோசபின் என்ற பெயரே இல்லை.

இந்த மருந்தின் கதையைச் சொன்னால் மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று புரியும். 1975ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை ஒதுக்கிவிட்டார்கள். 1988ல் ஜான் கேன் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு அதைத் திரும்பக் கொண்டு வந்தது. வேறு எதற்கும் அடங்காத நோயாளிகளில், பழைய மருந்தில் 100க்கு 4 பேர் தேறினார்கள், குளோசபினில் 30 பேர். இன்றுவரை இந்த வகை நோய்க்கு இதற்கு இணையான மருந்து வரவில்லை. வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது 100ல் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே அதை முளையிலேயே பிடிக்கத்தான். இந்த ஆபத்தோடு தொடர்புள்ள எச்எல்ஏ என்ற நோய் எதிர்ப்பு மரபணுவின் சில வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அது இல்லை என்று வந்தால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு நம்பகமாக இல்லை.

உங்கள் அண்ணன் விஷயத்தில் யோசிக்க வேண்டியவை உண்டு. எடையும் சர்க்கரையும் இதிலும் ஏறும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றிக் கேளுங்கள், எடை ஏற்றத்தைத் தடுப்பதற்கும் இப்போது அதைச் சேர்த்துக் கொடுக்கிறோம். அபூர்வமாக முதல் சில வாரங்களில் இதயத் தசையில் அழற்சி வரும். பழைய இதய ஆபரேஷன் இருப்பதால் ஈசிஜி, எக்கோ எடுத்து இதய மருத்துவரின் கருத்தையும் வாங்கிய பிறகு தொடங்குவதே நல்லது. 22ஆம் குரோமோசோம் குறை இருந்தால் குளோசபினில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். அதனால் கால்சியத்தைச் சரிபார்த்து, அளவை மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அந்தக் குரோமோசோம் பரிசோதனை வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் மலச்சிக்கல். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று நாள் போகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்: உங்கள் அண்ணன் என் நோயாளியாக இருந்தால் இந்த மருந்தைப் பற்றி இந்த வாரமே பேசுவேன். எச்சிலுக்கு வைத்திருந்த 18,000 ரூபாயை வாராவார ரத்தப் பரிசோதனைக்கும் பஸ் செலவுக்கும் எடுத்து வையுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். இடையில் அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாமன் மகனா, விருதுநகரா

யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அப்பா போட்ட கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகச் சொந்தத்துக்குள் முடிக்கிறார். அம்மா வழியில்தான் ஏதோ இருக்கிறது என்று வீடே நம்புகிறது. அப்படி நம்புகிறவர்கள், அதே அம்மா வழி மரபணுவைப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கொடுக்கப் பார்க்கிறார்கள். நீங்களும் மாமன் மகனும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். உங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. இதனால் மனச்சிதைவு எவ்வளவு கூடும் என்பதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். சொந்தத்தில் கட்டுவதன் முக்கிய அபாயம் வேறு: பிறவிக் குறைகள், காது கேளாமை, சில ரத்த நோய்கள். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். இப்படி நெருங்கிய சொந்தத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. நம் ஊரில் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம். மாமன் மகனை உங்களுக்கு மனசாரப் பிடித்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மறைப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

விருதுநகர் வரனிடம் சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. இந்துத் திருமணச் சட்டம் பேசுவது மணமகன், மணமகளின் சொந்த மனநிலையைப் பற்றித்தான், உடன்பிறந்தவரைப் பற்றி அல்ல. அதனால் இது சட்டத்துக்குப் பயந்து சொல்ல வேண்டியது இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் ஒரு நாள் தூங்காமல் இருந்தாலும், கோபப்பட்டாலும், 'அண்ணன் மாதிரி ஆகிவிட்டாள்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே வாழ்வீர்கள். மறைத்த பெண்களை நான் என் அறையில் பார்த்திருக்கிறேன். நோயால் உடைந்ததைவிட ரகசியத்தைக் காத்து உடைந்தவர்கள் அதிகம். அண்ணனைப் பார்க்க அம்மா வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் தவித்தவர்கள் அவர்கள்.

முதலில் பையனிடம் சொல்லுங்கள், பெரியவர்கள் கூட்டத்தில் வேண்டாம். நீளமாக வேண்டாம். 'என் அண்ணனுக்குப் பத்து வருடமாக மனச்சிதைவு நோய், சிகிச்சையில் இருக்கிறார். எனக்கு இல்லை. எனக்கு வரும் வாய்ப்பு 100ல் 9க்கு மேல் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். பிள்ளைக்கு 4. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சேர்ந்து போய்க் கேட்கலாம்.' இவ்வளவு போதும். அவர் பின்வாங்கலாம். அந்த வலி உண்மையானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை மாத்திரை என்று சொன்னதையும் அப்போதே திருத்திவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. ஐந்து பக்கக் கடிதத்தில் அண்ணனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அண்ணன் எங்கும் பேசவில்லை. நோய் அவருடையது. அதை வெளியே சொல்வதற்கும், அவர் ரத்தத்தில் மரபணு பார்ப்பதற்கும், புது மருந்து தொடங்குவதற்கும் அவரிடம் கேட்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவருடைய சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது. குரல் கேட்கும் நேரத்திலும் அவருக்குப் பல விஷயங்கள் புரியும். சாயங்காலம் குரல் கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, திண்ணையில் பக்கத்தில் போய் உட்காருங்கள். குரலை இன்னும் குறைக்க ஒரு மருந்து இருக்கிறது, ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும், வருகிறாயா என்று கேளுங்கள். எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, உன்னைப் பற்றிச் சொல்லலாமா என்றும் கேளுங்கள்.

அவர் சரி என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஆறு வயதில் நடந்த ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டு, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரும் அளவும் எத்தனை மாதம் என்பதும், கடைசி சர்க்கரைப் பரிசோதனை, ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை டம்ளர் டீ என்ற கணக்கு, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டீயை ஏன் கேட்கிறேன் என்றால், பீடிப்புகை தூண்டும் அதே நொதியின் வேலையை டீயில் உள்ள காஃபின் குறைக்கும். குளோசபின் தொடங்கினால் அந்தக் கணக்கும் டாக்டருக்கு வேண்டும்.